ஐஸ்கிரீம் மெஷின்: கம்ப்ரஸர் வைத்தது வேண்டுமா, உறையவைக்கும் கிண்ணம் போதுமா?

வீட்டில் ஐஸ்கிரீம் செய்யலாம் என்று மெஷின் தேட ஆரம்பித்தால், முதல் நாளே இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, கிண்ணத்தை ஃப்ரீசரில் வைத்து உறையவைத்து, எடுத்து வந்து மோட்டாரோடு பொருத்திக் கடைகிற சின்ன மெஷின். இன்னொன்று, ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரஸரை உள்ளேயே வைத்துக்கொண்டு, ஸ்விட்சைப் போட்டதும் தானே குளிர்விக்கிற பெரிய மெஷின். இரண்டாவதன் விலை முதலாவதைவிடப் பல மடங்கு. அவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் ஐஸ்கிரீமும் அந்த அளவுக்கு நன்றாக வருமா?

வராது. வந்தாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். கம்ப்ரஸருக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வசதிக்குப் போகிறது: நினைத்தபோது செய்யலாம், ஒரே நாளில் மூன்று நான்கு வகை செய்யலாம். நாக்கில் தெரியும் வழவழப்பு முக்கால்வாசி கலவையிலிருந்தும், மீதி உங்கள் ஃப்ரீசரிலிருந்தும் வருகிறது. அந்த வசதி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மெஷின் உள்ளே நடப்பது

ஐஸ்கிரீமில் நான்கு விஷயங்கள் கலந்திருக்கின்றன: பொடிப்பொடியான ஐஸ் படிகங்கள், காற்றுக்குமிழிகள், கொழுப்புத் துகள்கள், இவற்றுக்கு நடுவே உறையாமல் நிற்கும் அடர்த்தியான சர்க்கரைத் திரவம். படிகங்கள் சுமார் 50 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் நாக்கு அவற்றைத் தனியாகக் கண்டுகொள்ளாது. அதைத் தாண்டிப் பெரிதானால் நறநறக்கும். படிகம் சின்னதாக இருக்க வேண்டுமென்றால் கலவை வேகமாக உறைய வேண்டும், உறையும்போது, கடைகிற துடுப்பு கிண்ணத்தின் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மெஷினாக இருந்தாலும் வேலை இவ்வளவுதான்.

இதற்கு எவ்வளவு குளிர் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கலவையில் சுமார் 620 கிராம் தண்ணீர் இருக்கும். 4 டிகிரியில் உள்ளே போய், மைனஸ் 5 அல்லது 6 டிகிரியில் வெளியே வரும்போது அந்தத் தண்ணீரில் ஏறக்குறைய பாதி உறைந்திருக்கும். ஒரு கிராம் தண்ணீர் உறைய 334 ஜூல் வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். 310 கிராமுக்கு 100 கிலோஜூலைத் தாண்டும். கலவையின் சூட்டைக் குறைப்பதற்கு இன்னொரு 30. ஆக மொத்தம் 130 கிலோஜூல் சொச்சம்.

அதே கலவையை ஃப்ரிட்ஜில் வைக்காமல் 25 டிகிரியில் ஊற்றினால்? மேற்கொண்டு 70 கிலோஜூல். பாதிக்கு மேல் கூடுதல் வேலை, அதுவும் ஒரு துளி ஐஸ் உருவாவதற்கு முன்பே. இரண்டு மெஷின்களும் வேறுபடுவது இந்த இடத்தில்தான். உறைந்த கிண்ணத்தில் இருக்கும் குளிர் கையிருப்புக் காசு மாதிரி. செலவழித்தால் தீர்ந்துவிடும், நடுவில் வரவு கிடையாது. கம்ப்ரஸருக்கோ வரவு நிற்காது. அரை மணி நேரத்தில் 130 கிலோஜூலை வெளியேற்றுகிற கம்ப்ரஸர் கூடுதலான 70-ஐயும் இன்னொரு கால் மணி நேரத்தில் முடித்துவிடும். தாமதமானதால் படிகம் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் ஐஸ்கிரீம் ஆகிவிடும். கிண்ணத்தில் அதே கலவை குளிர்ந்த பாயசமாகவே நின்றுவிடும்.

கிண்ணம் வைத்த மெஷின் எப்படி?

நியாயமாகச் சொன்னால், இது குறைத்து மதிப்பிடப்படுகிற சாதனம். இரட்டைச் சுவர் கிண்ணம். இரண்டு சுவர்களுக்கு நடுவே பூஜ்யத்துக்குக் கீழே உறைகிற ஒரு திரவம். ஃப்ரீசரில் 16 முதல் 24 மணி நேரம் இருந்தால் அது கல்லாகிவிடும். எடுத்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே சளசளவென்று சத்தம் வரக்கூடாது. வந்தால் இன்னும் ஆகவில்லை, திரும்ப உள்ளே வைத்துவிட வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் நன்றாக உறைந்த கிண்ணம் 15 முதல் 25 நிமிடத்தில் வேலையை முடிக்கும். சின்ன கம்ப்ரஸர் மெஷின்கள் பலவற்றைவிட இது வேகம். வேகம்தான் சின்னப் படிகம் என்பதால், முதல் சுற்றில் இந்த எளிய மெஷின் விலை கூடிய மெஷினுக்குச் சமமாக நிற்கும், சில சமயம் முந்தியும் விடும்.

இதன் குறை இரண்டாவது சுற்றில் தெரியும். இரண்டாவது சுற்றே கிடையாது. கிண்ணத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி ஒரு நாள் உறையவைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் சுவரில் ஐஸ் படலம் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை துடுப்பைத் தடுக்கும். அப்புறம் இடம். ஃப்ரீசரில் ஒரு பெரிய பாத்திரத்தின் இடத்தை இது நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். சின்ன ஃப்ரீசர் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான தொல்லை இதுதான்.

'ஒரு நாள் முன்பே திட்டமிட வேண்டும்' என்ற புகாரை மட்டும் நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பால், க்ரீம் சேர்த்துக் காய்ச்சிய கலவை எப்படியும் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் கொழுப்பு இறுகும், புரதம் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், கடையும்போது காற்று தங்கும். கிண்ணத்தை முந்தைய நாள் மதியமே ஃப்ரீசரில் வைத்துவிட்டால், கலவை ஃப்ரிட்ஜில் ஊறும் அதே இரவில் அதுவும் உறையும். இரண்டும் காலையில் ஒன்றாகத் தயாராகும். கம்ப்ரஸர் மெஷின் இருந்தாலும் நல்ல கஸ்டர்டு ஐஸ்கிரீமுக்கு அந்த இரவு வேண்டும். பழச்சாற்றில் செய்யும் சார்பேக்குத்தான் இந்தக் காத்திருப்பு இல்லை. அங்கே கம்ப்ரஸர் தெளிவாக வெல்கிறது.

கம்ப்ரஸர் மெஷினின் பலமும் பலவீனமும்

முதல் பலம், அடுத்தடுத்துச் செய்வது. ஒரு சுற்று முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவிவிட்டு அடுத்ததை ஊற்றலாம். விருந்துக்கு மூன்று வகை வேண்டும், அல்லது ஒரே கலவையைச் சர்க்கரையை மாற்றி மாற்றிப் பரிசோதிக்க வேண்டும் என்றால் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. கற்றுக்கொள்ளும் வேகமும் இதனால் கூடும். ஒரே மதியத்தில் இரண்டு கலவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கும்போது புரிவது, வாரம் ஒன்றாகச் செய்தால் புரியாது.

இரண்டாவது, பொறுமை. கலவை கொஞ்சம் சூடாக இருந்தாலும், சர்க்கரை கூடிப்போய் உறைய மறுத்தாலும் மெஷின் விடாமல் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பல மாடல்களில் கடைந்து முடித்த பிறகும் குளிராக வைத்திருக்கும் வசதி உண்டு. அதை நம்பி மணிக்கணக்கில் துடுப்பை ஓடவிடக் கூடாது. அதிகமாகக் கடைந்தால் கொழுப்பு திரண்டு வெண்ணெய்த் துகளாக நாக்கில் ஒட்டும்.

பலவீனங்களையும் சொல்ல வேண்டும். எடை பத்து கிலோவுக்கு மேல் இருப்பது சாதாரணம். அலமாரியில் வைத்து எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் நடைமுறையில் ஓடாது. மேடையில் அதற்கென்று நிரந்தர இடம் இல்லையென்றால் கொஞ்ச நாளில் அது மூலைக்குப் போய்விடும். காற்றுத் துளைகளைச் சுற்றி இடைவெளி விட வேண்டும் என்பதால் சுவரோடு ஒட்டியும் வைக்க முடியாது. கிண்ணத்திலிருந்து எடுத்த வெப்பம் முழுக்க அந்தத் துளைகள் வழியாகத்தான் சமையலறைக்குள் வருகிறது. அது வெளியேற வழியில்லை என்றால் குளிர்விக்கும் திறன் சரசரவென்று குறையும்.

வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று, கிண்ணம் கழற்றக்கூடியதா, நிலையானதா என்பது. வீட்டு மாடல்கள் பெரும்பாலும் கழற்றும் கிண்ணம் கொண்டவை. குய்சினார்ட் ஐசிஇ-100 அந்த ரகம், சுமார் 1.4 லிட்டர் கொள்ளளவு. கழுவ எளிது. ஆனால் கிண்ணத்துக்கும் குளிர்விக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும், காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் சில மெஷின்களின் கையேடுகளே அந்த இடைவெளியில் கொஞ்சம் உப்புத் தண்ணீரோ ஆல்கஹாலோ ஊற்றச் சொல்கின்றன. இத்தாலியின் மூஸ்ஸோ மெஷின்களில் கிண்ணம் உடம்போடு நிலையாக இருக்கும். குளிர் நேராகக் கலவைக்கு வரும், உறைவதும் வேகம். அதற்கு ஈடாக, கழுவும்போது தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி, மறுபடி ஊற்றி என்று மெஷின் மேலேயே வேலை. வேகம் முக்கியம் என்றால் நிலையான கிண்ணம். மற்றவர்களுக்குக் கழற்றும் கிண்ணமே மேல். தினமும் தொல்லை தருகிற பொருளை யாரும் அடிக்கடி எடுக்க மாட்டார்கள்.

எந்தக் கம்ப்ரஸர் மெஷினாக இருந்தாலும் ஒரு பழக்கம் பலன் தரும். கலவையை ஊற்றுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே குளிர்விப்பை ஓடவிட வேண்டும். பிறகு துடுப்பைச் சுழலவிட்டு, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே கலவையை ஊற்ற வேண்டும். வரிசையை மாற்றி, ஊற்றிவிட்டுத் துடுப்பைப் போட்டால் சுவரை ஒட்டிய கலவை நொடியில் இறுகித் துடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். தொடக்கத்தில் கலவை ஈரமாகப் பளபளக்கும். பாதி நேரம் போனதும் துடுப்பு போன தடம் ஒரு கணம் நின்று மறையும். முடிவுக்கு வரும்போது தடம் மறையாமல் மடிப்பு மடிப்பாக நிற்கும், நடுவில் கலவை மேடாக ஏறும், மேற்பரப்பின் பளபளப்பு போய் மங்கலாகிவிடும். அந்த மங்கல்தான் அடையாளம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் மைனஸ் 5-க்கும் 6-க்கும் நடுவில் காட்டும்.

வேறு வழிகள்

2021-ல் வந்த நிஞ்சா க்ரீமி இந்தப் பேச்சையே கொஞ்சம் மாற்றிவிட்டது. உணவகங்களில் பல வருடங்களாக இருக்கும் சுவிஸ் மெஷினான பக்கோஜெட்டின் யோசனையை வீட்டுக்குக் கொண்டுவந்தது அது. முதலில் கலவையை டப்பாவில் ஊற்றி 24 மணி நேரம் கல்லாக உறையவைப்பது, பிறகு வேகமாகச் சுழலும் கத்தியால் மேலிருந்து கீழே மெல்லிசாகச் சீவுவது. இங்கே படிகம் உறையும்போது சின்னதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கத்தி அதைப் பிறகு பார்த்துக்கொள்ளும். அதனால் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த கலவை, வெறும் பழம், புரதப் பவுடர் கலந்த பால் எல்லாம் இதில் வழவழவென்று வரும். அவை கடையும் மெஷினில் ஐஸ்கட்டியாகத்தான் வரும். ஒரு டப்பா அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சத்தம் மிக அதிகம். மீதியைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் இறுகிவிடும், மறுபடி சீவ வேண்டும். டப்பாவைச் சாய்த்து உறையவைக்கக் கூடாது. மேல்பகுதி சமமாக இல்லையென்றால் கத்திக்குக் கேடு. உடல்நலத்துக்காகக் கொழுப்பைக் குறைத்து, ஒருவர் இருவருக்கு மட்டும் செய்பவர் என்றால், கம்ப்ரஸரைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

ஐஸும் உப்பும் போட்டுச் சுற்றும் வாளி மெஷினுக்கு வயது அதிகம். அமெரிக்காவில் நான்சி ஜான்சன் கையால் சுற்றும் மாடலுக்குக் காப்புரிமை பெற்றது 1843-ல். எடைக்கணக்கில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்தால் கலவை மைனஸ் 21 டிகிரியை நெருங்கக்கூடும். அதாவது சாதாரண ஃப்ரீசரைவிடக் குளிர். ஒரே தடவையில் பெரிய கூட்டத்துக்குச் செய்ய இன்றும் இதுதான் மலிவான வழி. வாளியைத் தூக்கி உப்புத் தண்ணீரைக் கொட்ட இடம் வேண்டும், செடி இருக்கும் மண்ணில் அல்ல.

மெஷினே இல்லாமல், அடித்த க்ரீமில் கண்டென்ஸ்டு மில்க்கைக் கலந்து அப்படியே உறையவைப்பதும் உண்டு. காற்று முன்பே க்ரீமில் ஏறிவிடுவதாலும், சர்க்கரையும் கொழுப்பும் நிறைய இருப்பதாலும் அது மென்மையாக வரும். ஆனால் எல்லா வகையும் ஒரே தித்திப்பு. உங்களுக்கு ஐஸ்கிரீம் செய்யும் ஆர்வம் நிலைக்குமா என்று பார்க்க இது போதும்.

பணத்துக்கு முன்னால் கலவை

மெஷினை மாற்றுவதற்கு முன் கலவையைச் சரிசெய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் 500 கிராம், 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 250 கிராம், சர்க்கரை 150 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40 கிராம், குவார் கம் (கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசைப்பொடி) 1 கிராம். இதில் கொழுப்பு 11 சதவீதம், சர்க்கரை 16 சதவீதம், பாலின் கொழுப்பில்லாத திடப்பொருள் 10 சதவீதம் என்று வரும். மொத்தத்தில் 37 சதவீதம் திடம், மீதி தண்ணீர். இந்த விகிதத்துக்குள் நின்றால் கிண்ண மெஷினிலும் வழவழப்பாக வரும். பால் பவுடரை விட்டுவிட்டு, க்ரீமுக்குப் பதில் இன்னும் பாலையே ஊற்றினால் மூஸ்ஸோவிலும் நறநறக்கும். உறைவதற்கு அங்கே தண்ணீர் அதிகம், அதைக் கட்டிப்பிடிக்க ஆள் குறைவு.

குவார் கம் ஒரு கிராம்தானே என்று விடக் கூடாது. முதல் நாள் சாப்பிடும்போது அதன் அருமை தெரியாது. ஐந்தாம் நாள் தெரியும்: அது இல்லாத ஐஸ்கிரீமில் படிகங்கள் வளர்ந்திருக்கும். ஃப்ரீசரில் எடுக்க முடியாத அளவுக்கு இறுகுகிறது என்றால், சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கை டெக்ஸ்ட்ரோஸாக (குளுக்கோஸ் சர்க்கரை) மாற்றிப் பாருங்கள். அதே எடைக்கு அது உறைநிலையை ஏறக்குறைய இரண்டு மடங்கு இறக்கும், தித்திப்பும் குறைவு.

இன்னொரு செலவில்லாத விஷயம் ஃப்ரீசர். கம்ப்ரஸர் மெஷின் வாங்கினால் ஃப்ரீசரை மறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. எந்த மெஷினிலிருந்து எடுத்தாலும் ஐஸ்கிரீம் மைனஸ் 5-ல் தளதளவென்று இருக்கும். மீதித் தண்ணீர் உறைவது ஃப்ரீசரில்தான். அங்கே அது மெதுவாக உறைந்தால் புதுப் படிகம் பிறக்காது, இருக்கும் படிகங்களே பெரிதாகும். ஆழமான டப்பாவுக்குப் பதில் தட்டையான, அகலமான டப்பா. அதையும் முன்பே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்திருக்க வேண்டும். மேலே காற்று படாமல் தாள் ஒட்டி, கதவுப் பக்கம் அல்லாமல் பின்சுவர் ஓரமாக வைக்க வேண்டும். இதைச் செய்தாலே பல வீடுகளில் புது மெஷின் தேவைப்படாது.

அப்படியானால் யாருக்கு எது?

மாதம் ஒன்றிரண்டு முறை, ஒரு நேரத்தில் ஒரு வகை செய்பவருக்குக் கிண்ண மெஷின் போதும். இரண்டு வகை வேண்டும் என்று தோன்றினால், கூடுதலாக ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்ளலாம். ஃப்ரீசரில் இடமிருந்தால் கம்ப்ரஸருக்குப் பதில் நான் முதலில் இதைத்தான் பரிசீலிக்கச் சொல்வேன். வாரம் தவறாமல் செய்பவர், ஒரே நாளில் பல வகை செய்பவர், கலவையை ஆராய்பவர், மேடையில் இடம் உள்ளவர், ஃப்ரீசரில் கிண்ணத்துக்கு இடமில்லாதவர்: இவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் கம்ப்ரஸர் மெஷினைத் தயங்காமல் வாங்கலாம். ஒன்று மட்டும் பொருந்தினால் இன்னும் ஆறு மாதம் கிண்ணத்தோடு ஓட்டிப் பாருங்கள். அதற்குள் உண்மையிலேயே எத்தனை முறை செய்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கம்ப்ரஸர் என்று முடிவாகிவிட்டால், வாங்கும் முன் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் உள்ள உயரத்தை அளந்துவிடுங்கள். மூடியைத் திறக்கவும் ஊற்றவும் இடம் வேண்டும். மெஷின் வீட்டுக்கு வந்ததும் உடனே ஓட்டாதீர்கள். வழியில் சாய்ந்திருந்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். அது திரும்பி இறங்க, கையேடு சொல்லும் நேரம் வரை, பொதுவாக அரை நாளிலிருந்து ஒரு நாள், நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் உடனே மறுபடி போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாகாத கம்ப்ரஸர் திணறும்.